நான்கு பானை பேஸ்பால்

பானைகள் வேண்டாம் என்று ஜீனா சொன்னதும் மணிராஜ் ஆட்டோவை அணைத்துவிட்டு இறங்கினான். பின்சீட்டில் நான்கு மண்பானைகள் ஒன்றோடொன்று இடிக்காதபடி வைக்கோல் சுற்றி, பிரசவத்துக்குப் போகும் பெண்களைப் போலப் பத்திரமாக உட்கார்ந்திருந்தன.

"பானை இல்லாமயா?" என்றான்.

"ஆமா. பானை இல்லாமத்தான் ஆடணும்."

"பானை இல்லாம எப்படி ஆட?"

அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்பவன் போல நின்றான்.

அன்று அவள் அப்பா ஜேம்ஸ்ராஜின் முதலாம் ஆண்டு நினைவு நாள். காலையில் கோயிலில் பூசை முடிந்திருந்தது. மதியம் வீட்டு வாசலில் ஊருக்கெல்லாம் சாப்பாடு போடும் அசனம். சாயங்காலம், ரயில் பாதைக்குப் பக்கத்தில் கிடந்த கரிசல் பொட்டலில் அவர் பெயரில் ஒரு பேஸ்பால் ஆட்டம். மூன்றாவது யோசனை ஜீனாவுடையது. கோயம்புத்தூரில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள், இதற்காகவே விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடுதான் பிறக்கும் என்று சொல்லப்படுகிற கோவில்பட்டியில், ஜேம்ஸ்ராஜ் ஒருவர்தான் பேஸ்பால் ஆடினார். நூல் மில்லில் ஃபிட்டர். பாளையங்கோட்டையில் படித்தபோது கல்லூரி அணியில் ஆடியதாகச் சொல்வார். அந்தக் காலத்து உருண்டை மட்டை ஒன்றும் தோல் கையுறை ஒன்றும் அவரிடம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேட்டியை அவிழ்த்துவிட்டுக் கால்சட்டை மாட்டிக்கொண்டு பொட்டலுக்குப் போவார். தெருப்பிள்ளைகள் மொத்தமும் பின்னால் போகும். ஒரு வாரம்கூட அது நின்றதில்லை. மற்ற அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார்கள் என்பதே ஜீனாவுக்குத் தெரியாது.

அவர் சொல்லிக்கொடுத்த ஆட்டத்துக்கு மூன்று முக்கியமான விதிகள். ஒன்று, ஓடித் தொட வேண்டிய ஒவ்வொரு பேஸிலும் ஒரு பானை இருக்கும். ஓடி வந்தவர் அங்கே உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடிக்க வேண்டும். டம்ளரைக் கவிழ்த்து வைக்கும் வரை யாரும் அவரை அவுட்டாக்கக் கூடாது. இரண்டு, காற்றில் புழுதி கிளம்பினால் எல்லோரும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நின்ற இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். மூன்று, முழுச் சுற்றும் ஓடி முடித்தவர் உடனே வேப்பமர நிழலுக்குப் போய் நடுவராக உட்கார வேண்டும். அதுவரை நடுவராக இருந்தவர் மட்டை பிடிக்க வருவார்.

ஜீனாதான் அதிக நாள் நடுவராக இருந்தவள். அவளை யாருமே அவுட்டாக்கியது கிடையாது. ஓட்டத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பதை அவள் இன்றுவரை மகளிடம் சொல்லிவருகிறாள். ஆட்டம் முடிந்ததும் அப்பா அவளைத் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோவார். நடுவருக்குச் செய்கிற மரியாதை அது.

போன மாதம் மகள், வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு அமெரிக்க ஆட்டத்தைப் போட்டாள். ஜீனா ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருவன் அடித்தான், ஓடினான், பேஸை மிதித்தான். ஜீனா பானையைத் தேடினாள். காணோம். அந்த ஊரில் தண்ணீர்ப் பஞ்சம்போல என்று முதலில் நினைத்தாள். ஆட்டம் முடியும் வரை ஒருவரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நடுவர் நிழலுக்குப் போகவில்லை. அன்று ராத்திரி அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் அதற்கு முன்பே மதுரையிலிருந்து பேஸ்பால் பயிற்சியாளர் பாண்டியராஜனை அழைத்திருந்தாள். பழைய ஆட்டக்காரர்கள் ஆடுவதைப் பார்த்துத் திருப்தியாக இருந்தால், வருடா வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜேம்ஸ்ராஜ் பெயரிலேயே போட்டி நடத்தலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவர் வந்து நான்கு பானைகளைப் பார்த்தால் என்ன நினைப்பார்? செத்துப்போன மனிதரை ஊர் கூடி நின்று சிரிக்க, பெற்ற மகளே ஏற்பாடு செய்தது போலல்லவா ஆகிவிடும்?

அசனத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போனாள்.

"அம்மா, அப்பா நெசமாவே காலேஜ்ல ஆடுனாவளா?"

"ஆடுனாவ. அதுக்கென்ன இப்போ?" என்றாள் மிக்கேலம்மாள்.

"பானை வச்சா ஆடுனாவ?"

மிக்கேலம்மாளின் கை ஒரு கணம் நின்றது. பிறகு வெங்காயம் கண்ணைக் கரிக்கிறது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "சாயங்காலம் புழுதிக்குள்ள போயி நிக்காதட்டி. சளி பிடிக்கும்" என்றாள். ஜீனாவுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அம்மாவுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

அசனம் முடிந்ததும் ஜீனா பழைய ஆட்டக்காரர்களை உட்காரவைத்துப் போனில் அந்த அமெரிக்க ஆட்டத்தைக் காட்டினாள். போன வருடம் அப்பாவின் பெட்டியைக் கல்லறை வரைக்கும் தோள் மாற்றாமல் சுமந்தவர்கள் இவர்கள்தான். அவர்களைக் கடிந்து பேச அவளுக்கு வாய் வராது. பொறுமையாக விளக்கினாள். அவர்களும் பொறுமையாகப் பார்த்தார்கள்.

"ஆட்டம் நல்லாத்தான் இருக்கு," என்றான் மணிராஜ். "இவிய எதுக்கு இம்புட்டு அவசரப்படுதாவ?"

"ஒருத்தருக்கும் ஒருவாய் தண்ணி குடுக்கலியே, பாவம்," என்றாள் பதருன்னிசா. பக்கத்து வீட்டுத் தோழி. இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள்.

இன்றைக்கு ஒருநாள் மட்டும் இப்படி ஆடுங்கள் என்று ஜீனா கெஞ்சினாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பொட்டலில் ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. பானைகளை வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு ஜீனா ஆட்டத்தைத் தொடங்கினாள். நடுவராக நிறுத்தியவர் வழக்கம்போல மரத்தடி நாற்காலிக்குப் போய்விட்டார். முதல் பந்தையே மணிராஜ் ஓங்கி அடித்தான். தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். முதல் பேஸை மிதித்தான். சம்மணமிட்டு உட்கார்ந்து வலது கையை நீட்டினான்.

"எந்திரி மணி, ஓடு," என்று ஜீனா கத்தினாள்.

"தண்ணி குடிக்காம கால் எந்திரிக்க மாட்டேங்கு ஜீனா. நான் என்ன செய்ய?"

அதற்குள் பந்து பதருன்னிசா கைக்கு வந்துவிட்டது. அவள் பந்தோடு வந்து அவன் பக்கத்தில் மரியாதையாக நின்றுகொண்டாள். அவுட்டாக்கச் சொல்லி ஜீனா சைகை காட்டினாள்.

"உக்காந்திருக்கவன எப்படிட்டி அவுட்டாக்க?" என்றாள் பதருன்னிசா. "நல்லாவா இருக்கும்?"

ஜீனா தன் கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினாள். மணிராஜ் குடித்தான். ஆனால் கவிழ்த்து வைக்க டம்ளர் இல்லை. பாட்டிலைக் கவிழ்த்தால் கணக்கில் சேருமா என்று இரண்டு அணியும் கூடி நின்று விவாதித்தன. பயிற்சியாளரின் கார் ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. வேறு வழியில்லாமல் ஜீனா, பொட்டல் ஓரத்தில் சோடாக் கடை வைத்திருக்கும் சபியுல்லாவைக் கூப்பிட்டாள். அவர் பதருன்னிசாவின் அண்ணன். பழைய ஆட்டக்காரர்களில் மூத்தவர். முட்டி தேய்ந்துபோனதால் இப்போது ஆடுவதில்லை.

"அண்ணே, குடிக்க எதையாவது சீக்கிரம் கொண்டாங்க."

சபியுல்லா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. ஒரு பெட்டி நிறையக் கோலி சோடா கொண்டுவந்து பேஸ் பேஸாக வைத்தார். இப்போது கட்டையை வைத்துக் கோலியை அமுக்கி உடைக்கிற நேரமும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டது. பானை இருந்தபோதாவது தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். சோடா குடித்தவர்கள் ஏப்பம் வரும் வரை எழவில்லை. மணிராஜ் முதல் பேஸில் உட்கார்ந்து நீளமான ஏப்பம் ஒன்றை விட்டபோது பாண்டியராஜன் காரை விட்டு இறங்கினார்.

உயரமான மனிதர். தலையில் தொப்பி, கழுத்தில் விசில். ஏப்பம் வந்த திசையைப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"தாகசாந்தி சார்," என்றாள் ஜீனா. "அப்பா நினைவா."

நல்ல காரியம் என்று அவர் மனதாரப் பாராட்டினார். சபியுல்லா அவர் கையிலும் ஒரு பன்னீர் சோடாவைக் கொடுத்தார். அதற்குள் அணி மாறி, பதருன்னிசா பந்தை அடித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள். அவர் சோடாவைக் குடித்து முடித்துவிட்டு இனி ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று நிமிர்ந்தபோது, மேற்கேயிருந்து காற்று ஒரு சுவர் உயரத்துக்குப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஓடிக்கொண்டிருந்தவர்கள், பந்தை எறியக் கை ஓங்கியவர்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள். துண்டும் முந்தானையும் முகத்துக்குப் போயின.

பாண்டியராஜன் சுற்றிலும் பார்த்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துத் தலை குனிந்தார்.

"மௌன அஞ்சலியா?" என்று கிசுகிசுத்தார்.

ஒரு பொய் சொன்னவளுக்கு இரண்டாவது பொய் பாரமில்லை. "ஆமா சார்," என்றாள்.

ஆடிக் காற்று அஞ்சலியைச் சீக்கிரம் முடிக்கிற மாதிரி இல்லை. அடங்குவது போல அடங்கிவிட்டு மறுபடி எழுந்தது. பாண்டியராஜனின் தலைமுடியெல்லாம் கரிசல் நிறமானது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"இவ்வளவு நேரம் ஒருத்தருக்காக நின்னு நான் பாத்ததில்லம்மா," என்றார். குரல் கரகரத்தது. தூசியா, துக்கமா என்று ஜீனாவுக்குத் தெரியவில்லை. தூசிக்குப் பொய்யாகச் சொன்ன காரணம் அந்த நிமிடத்தில் உண்மையாகி, அவள் அப்பாவுக்காகவே தலை குனிந்து நின்றாள்.

காற்று அடங்கியது. பதருன்னிசா மிச்சச் சுற்றையும் ஓடி முடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் நேராக வேப்பமரத்தடிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவரை அதில் இருந்த நடுவர் வந்து மட்டையை எடுத்தார்.

பாண்டியராஜன் விசிலைக் கையில் பிடித்தபடி திரும்பினார். "நடுவரே பேட் பிடிக்கிறாரே?"

மூன்றாவது பொய் ஜீனாவுக்குக் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தாள். போதாக்குறைக்கு அந்த நேரம் பார்த்து மணிராஜ், சோடா வயிற்றைப் பொருமுகிறது, தண்ணீர்தான் சரி என்று சொல்லி, ஒளித்துவைத்த பானையைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவே நடந்து வந்தான். பின்னாலேயே மற்ற மூன்று பானைகளும் வந்தன. கோயில் ஊர்வலம் போல வந்து தத்தம் பேஸில் அமர்ந்தன. அவற்றுக்குப் பின்னால், அசனத்தில் மிஞ்சியதை ஆட்டக்காரர்களுக்குக் கொண்டுவந்த மிக்கேலம்மாள் தூக்குவாளியோடு வந்து நின்றாள்.

"மன்னிச்சிருங்க சார்," என்றாள் ஜீனா. "தாகசாந்தியும் இல்ல, அஞ்சலியும் இல்ல. எங்க அப்பா சொல்லிக் குடுத்த ஆட்டமே இதுதான். அவுகளுக்கு விதி தெரியாது. தெரியும்னு இத்தனை வருசமா நம்பிட்டேன்."

பாண்டியராஜன் நான்கு பானைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஆனா சார், ஞாயித்துக்கிழமைன்னா அவுக எங்கள விட்டுட்டு ஒரு இடத்துக்குப் போனதில்ல. மில்லுல ராத்திரி ஷிப்ட் முடிச்சிட்டுத் தூங்காமக் கொள்ளாம வந்து நிப்பாவ. எங்க தெருவுல எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு ஞாயித்துக்கிழமை அவுக இல்லாம கிடைச்சிருக்காது. அதுக்காவது அவுக பேரை வைக்கலாம்னு பாத்தேன். விதி தெரியாட்டியும் பரவால்ல, சிரிக்காம போயிட்டு வாங்க. அது போதும்."

பாண்டியராஜன் சிரிக்கவில்லை. தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு ஆட்டக்காரர்கள் பக்கம் திரும்பினார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"அவர் தப்பாச் சொல்லிக் குடுத்தார்னே வச்சுக்குவோம். நீங்க இத்தனை பேர், இத்தனை வயசாச்சு. டிவியில, போன்ல எங்கயும் பாத்ததில்லையா? ஒருத்தராவது இது சரியில்லைன்னு இந்தம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

மணிராஜ் டம்ளரைத் துடைத்தான். பதருன்னிசா மரத்தடியில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினாள். பிறகு எல்லோரும் மிக்கேலம்மாளைப் பார்த்தார்கள். மிக்கேலம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். சபியுல்லாவைப் பார்த்து, போதும் சொல்லிவிடு என்பது போலத் தலையை அசைத்தாள்.

காலி சோடா பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த சபியுல்லா நிமிரவில்லை.

"மொத நாளு ஜேம்ஸ்ராஜ் மாமா எங்களுக்கு எல்லா விதியையும் சரியாத்தான் சொல்லிக் குடுத்தாவ சார், ரெண்டாம் நாளு நானும் ஆடுதேன்னு நெனவு தெரியாத வயசுல ஜீனா வந்தா, பாதி ஓட்டத்துல இழுப்பு வந்து மூச்சு முட்டி விழுந்துட்டா, மூணாம் நாளு நாங்க வந்து பாத்தா நாலு பானை இருக்கு."