சீட்டு தைத்த சேலை

பட்டாசு ஆலைக்குள் பருத்தி உடுத்தித்தான் போகவேண்டும். நைலான் உரசினால் பொறி கிளம்பும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் 2007 தீபாவளி சீசனில் பாதுகாப்பு அதிகாரி சங்கரலிங்கத்துக்கு ஒரு மாபெரும் சந்தேகம் உதித்தது. பருத்தி, பருத்திதான் என்பதற்கு என்ன ஆதாரம்?

ஆகவே தனுஷ்கோடி முதலாளியின் ஆலை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டார். ‘உடுத்தியுள்ள துணியிலேயே அது இன்ன நூலால் ஆனது என்று தெரிவிக்கும் சீட்டு இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும்’ என்பது அவருடைய ஆணை. சீட்டு இல்லாத நாற்பது பெண்கள் மூன்று நாளாக வாசலிலேயே நின்றார்கள். வரிசையில் முதல் ஆள் செல்வலட்சுமி. வெடிமருந்து அடைக்கிற வேலை அவளுக்கு. இன்றைக்கும் உள்ளே போகாவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள் என்று போர்மேன் மொக்கைச்சாமி காலையிலேயே சொல்லிவிட்டார். புருஷன் இல்லாத வீடு, இரண்டு பிள்ளைகள். அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

“சார், எட்டு வருசமாக் கட்டுற சேலை. சீட்டெல்லாம் மொத வெளுப்புலயே போயிருச்சு. ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க. சாம்பலானா பருத்தி, உருகுனா நைலான்.”

“பட்டாசு ஆலையில தீக்குச்சி கிழிக்கச் சொல்றியாம்மா?”

“அய்யய்யோ, இங்கன இல்ல சார். அங்கன ரோட்டுல போய்க் கொளுத்துங்க.”

“ரோடு என் அதிகார வரம்புக்குள்ள வராதே!”

“சட்டம் அப்படித்தான இருக்கு, தாயி” என்று மொக்கைச்சாமி ஒத்து ஊதினார்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் மருமகள் அனுப்பிரியா காரில் வந்து இறங்கினாள். சிவகாசியில் பெண்களுக்கென்று புதிதாகத் துணிக்கடை வைத்திருக்கிறாள். ஜரிகை கிடையாது, பூ கிடையாது, நிறம்கூட அவ்வளவாகக் கிடையாது. விலையைக் கேட்டால்தான் துணியே கண்ணுக்குத் தெரியும். அடக்கமான செல்வச் செழிப்பு என்று அதற்குப் பெயராம். வெளங்கும்!

செல்வலட்சுமியின் சேலையைக் கண்டதும் அவளுக்கு மூச்சு நின்றுவிட்டது.

“இந்தச் சாம்பல் நிறம் எப்படி வந்தது?”

“நீலச் சேலைதாம்மா. சவுக்காரம் போட்டுக் கல்லுல அடிச்சா வந்துரும்.”

“எவ்வளவு நாள் அடிக்கணும்?”

“எட்டு வருசம்.”

“எட்டு வருஷக் கைவேலை!” அனுப்பிரியாவுக்குக் கண் கலங்கியது. “இதை எனக்குக் குடுத்துருங்க. கார்ல புதுச்சேலை இருக்கு, மாத்திக்கங்க.”

காரில் இருந்தது யாரோ கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்தது. பளபளவென்று ரோஜா நிறம், சுத்த நைலான்.

“இதைக் கட்டிக்கிட்டு மருந்து ரூமுக்குள்ள எப்படிம்மா போறது?”

“சீட்டுதானே கேக்குறாங்க?” அனுப்பிரியா தன் கடைச் சீட்டு ஒன்றை நீட்டினாள். ‘நூறு சதவீதம் தூய பருத்தி. என்றும் மாறாதது.’

முதலாளி வீட்டு மருமகளிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டு எந்த வேலையில் நிற்க? செல்வலட்சுமி வாட்ச்மேன் அறையில் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். ஆலைக்குள் ஊக்கு கொண்டுபோகத் தடை. பாதுகாப்பில் அம்புட்டு அக்கறை உள்ள மொக்கைச்சாமி சீட்டை நூலால் தைக்கச் சொன்னார். பழைய சேலை காரில் ஏறிப் போய்விட்டது.

சங்கரலிங்கம் சீட்டை இரண்டு முறை வாசித்தார். “பாத்தியாம்மா, இதுதான் முறை.”

“சார், பிள்ளைக மேல சத்தியமா இது நைலான். தொட்டுப் பாருங்க.”

“தொட்டுப் பார்க்க ஆணையில் இடமில்லை. சீட்டில் பருத்தி என்று இருக்கிறது. நீ போகலாம்.” கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், மேஜையை மடக்கச் சொன்னார். பிறகு ஜீப்பில் ஏறிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு உள்ள போம்மா. நான் மெயின் ரோட்டைத் தாண்டிக்கிறேன்.”

மொக்கைச்சாமிக்கும் திடீரென்று டீ குடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஜீப்பின் புழுதி அடங்கியது. துணி எங்கும் உரசிவிடாமல் கைகளை அகட்டிக்கொண்டு, அழுகையை அடக்கி, செல்வலட்சுமி மெல்ல மெல்ல வாசலைத் தாண்டினாள். வெளியே சீட்டில்லாத பருத்திச் சேலைகளில் நின்ற முப்பத்தொன்பது பேரும் அந்த ரோஜா நிறத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

“குடுத்து வச்சவ!”