மனிதனூரில் கதவுகளை எடுத்த கதை

ஒரு காட்டில், சிக்னல் நன்றாகக் கிடைக்கிற மேட்டுப் பக்கமாக, ஒரு முயல் தன் குட்டிகளோடு குடியிருந்தாள். புருஷன் புல் மேயப் போனவர். இன்னும் மேய்ந்துகொண்டிருக்கிறார் என்று குட்டிகளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தக் காட்டில் எல்லா மிருகங்களிடமும் செல்போன் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் குரங்கு வருத்தப்படும். சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுக்கக் கையை நீட்டினார்கள், குரங்கும் கையை நீட்டியது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

செல்போன் வந்ததும் மிருகங்கள் ஒரு விளையாட்டு ஆரம்பித்தன. மனிதர்கள் பொழுது போகாவிட்டால் நான் ராஜா, நீ மந்திரவாதி, இது மாயக்கோட்டை என்று எழுதி விளையாடுவார்களாம். மிருகங்களுக்கு அதிசயம் என்றால் மனிதர்கள்தான். ஆகவே மனிதனூர் என்று ஓர் ஊரைக் கற்பனை செய்து, ஆளுக்கொரு மனித வேஷம் எடுத்துக்கொண்டு, குரூப்பில் எழுதி விளையாடினார்கள். "நான் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறேன்" என்று ஆமை எழுதும். "நான் உனக்கு முன்னால் வந்து நிற்கிறேன்" என்று காட்டுப்பன்றி எழுதும். படிக்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும்.

யானைக்கு அதில் பப்பு என்ற நாலு வயதுப் பையன் வேஷம். ஆமை, ஷேர் ஆட்டோ ஓட்டியது. அதன் வேகத்தைப் பற்றி ஊரில் புகார் இருந்தது. நம் முயல், ஸ்டெல்லா மிஸ் என்கிற ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. சிறுத்தையார், பால்காரர் சுடலைமுத்து. சிறுத்தையை 'அது' என்று எழுதலாம்தான். ஆனால் வாசல்வரை வந்து போகிறவரை மரியாதையாகச் சொல்லி வைப்பது குழந்தை உள்ள வீட்டுக்கு நல்லது.

நரியார் குரூப்புக்கு அட்மின். ஆறு எங்கே ஓடுகிறது, பஸ் ஸ்டாண்டு எங்கே இருக்கிறது என்று ஊரின் விவரங்களை எழுதி மேலே குத்தி வைப்பது அவர் வேலை.

ஆனால் மனிதனூரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் எழுதிவிட்டால் மட்டும் ஒரு பொருள் ஊருக்குள் வந்துவிடாது. இன்னொருவர் வந்து அதைத் தொட்டு எழுத வேண்டும். ஆமை ஒரு தடவை விமான நிலையம் கட்டியது. ஒருத்தரும் போய் ஏறவில்லை. ஆகவே இன்றுவரை மனிதனூரில் விமான நிலையம் கிடையாது. பப்பு ஒரு கொய்யா மரம் என்று எழுதினான். அடுத்த நிமிடம் குரங்கு அதில் ஏறிவிட்டது. மரம் இருக்கிறது, காய்க்கிறது.

முயல் விளையாட்டுக்கு வந்த புதிதில், "நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறேன்" என்று எழுதினாள். வளையில் குடியிருக்கிறவளுக்கு வேறு என்ன ஆசை வரும். அதற்குக் கீழே சிறுத்தையார் எழுதினார்: "நான் கதவை மூன்று தட்டுத் தட்டுகிறேன். பால்." அத்தோடு மனிதனூருக்குக் கதவு வந்தது. ஒரு வீட்டில் வந்ததும் எல்லா வீட்டிலும் வந்தது. பக்கத்து வீட்டில் இருப்பது தன் வீட்டில் இல்லாமல் மனிதன் தூங்கமாட்டான் என்று நரியார் விளக்கினார்.

தினமும் விடியற்காலையில் குரூப்பில் இந்தக் காட்சி ஓடும்.

"யாரது?"

"நான்தான் மிஸ்."

"ஊர்ல எல்லாரும்தான் நான்தான். பேரைச் சொல்லு."

"சுடலைமுத்து, மிஸ்."

"நேத்துப் பால்ல ஏன் அவ்வளவு தண்ணி?"

"மாடு நனைஞ்சிருச்சு மிஸ்."

"வெளியிலயே நில்லு."

சிறுத்தையார் இதை ரசித்து ரசித்து எழுதுவார். பிறந்ததிலிருந்து அவரை யாரும் திட்டியதில்லை. திட்டுகிற தூரத்துக்கு வந்தவர்கள் அப்புறம் திட்டுகிற நிலையில் இருந்ததில்லை.

ஒருநாள் விடியற்காலை, விளையாட்டில் இல்லை, காட்டில், சிறுத்தையார் பசியோடு முயலின் வளைக்கு வந்தார். முயல் குட்டிகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வெளியே சிறுத்தையார் உள்ளே விடுவதற்காக ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய கால், பழக்கதோஷம், வாசல் கல்லில் மூன்று தட்டுத் தட்டியது.

முயலுக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. திரும்பி வந்தது ஸ்டெல்லா மிஸ்ஸின் உயிர்.

"யாரது?" என்றாள்.

"நான்தான் மிஸ்," என்றார் சிறுத்தையார். சொன்ன பிறகு அவருக்கே ஏன் சொன்னோம் என்று இருந்தது.

"வெளியிலயே நில்லு."

நின்றார். நின்றுகொண்டே இருந்ததில் எதற்கு வந்தோம் என்பது மறந்துபோய், ஏதோ பாக்கி இருக்கிற முகத்தோடு திரும்பிப் போனார். அதற்கப்புறமும் வந்தார், தட்டினார், நின்றார், போனார்.

முயலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வளைக்குக் கதவு இல்லை. ஆனால் சிறுத்தையாரின் மண்டைக்குள் ஒரு கதவு இருக்கிறது. நல்ல தேக்குக் கதவு. அவர் அதைத் தினமும் எழுதுகிறவரை குட்டிகள் பிழைத்துக்கிடக்கும். அன்றிலிருந்து காய்ச்சலில் படுத்தாலும் ஸ்டெல்லா மிஸ் கதவைச் சாத்தத் தவறியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நரியார் அறிவிப்புப் போட்டார்.

"மனிதனூர்வாசிகளுக்கு வணக்கம். நம் கதையில் வேகம் போதவில்லை. பாதிக் காட்சி வாசலிலேயே போய்விடுகிறது. தட்டுகிறார்கள், யாரது என்கிறார்கள், செருப்பைக் கழற்றுகிறார்கள், அதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. ஆகவே திங்கட்கிழமை முதல் ஊரில் கதவுகள் இருக்காது. எல்லா வீடும் திறந்த வீடு. இப்படிக்கு அட்மின்."

நரியாருக்கு இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்ட எண்ணம் இருந்தால் பேசி ஒரு வழிக்கு வரலாம். அவருக்கு இருந்தது ரசனை.

முயல் உடனே குரூப்புக்கு வந்தாள். உண்மைக் காரணத்தைச் சொல்ல வழியில்லை. சிறுத்தையாரும் அதே குரூப்பில் இருக்கிறார். நீங்கள் தட்டுவது வெறும் பழக்கம் என்று அவரிடம் சொன்னால், அன்றைக்கே பழக்கம் விட்டுப்போகும்.

"அட்மின் சார், கதவு இல்லாட்டி காலண்டரை எங்க மாட்டுறது?" என்று ஆரம்பித்தாள்.

"சுவத்துல மாட்டுங்க மேடம்."

"சுவத்துல ஆணி இறங்காதே."

"சுவரே கற்பனைதானே. இறங்குதுன்னு எழுதுங்க, இறங்கிடும்."

"கிறிஸ்மஸுக்குக் கேரல் பாட வர்றவங்க எதைத் தட்டுவாங்க?"

"அவங்க பாடுறது நாலு தெருவுக்குக் கேக்கும். தட்டவேற செய்யணுமா?"

"கொசு வருமே."

"மனிதனூர்ல கொசுவை இன்னும் யாரும் எழுதல."

ஆமைக்கு முயல்மேல் இரக்கம். "ஒரு கொசு பறந்து வருகிறது" என்று எழுதியது. "நான் அதைப் பிடித்துத் தின்றேன்" என்று தவளை உடனே எழுதியது. மனிதனூருக்குக் கொசு வந்தது, வந்த நிமிடமே தீர்ந்தது, முயலின் வாதமும் கூடவே தீர்ந்தது.

யானை சொன்னது: "எனக்கும் கதவு வேணாம். இடிக்குது."

"பப்புக்கு நாலு வயசுதானே யானையண்ணே, எப்படி இடிக்கும்?"

"பப்புக்கு இடிக்கல. பப்பு கதவுக்குள்ள போறான்னு எழுதும்போது எனக்கு இங்க தோள்பட்டை வலிக்குது. நான் என்ன செய்ய."

காட்டுப்பன்றி சேர்ந்துகொண்டது. "நாங்கல்லாம் இந்த ஊரு ஆரம்பிச்சப்பவே இருக்கிறவங்க. அப்ப கதவே கிடையாது. பின்னால வந்தவங்க கொண்டுவந்த நாகரிகம் இது."

"அப்ப வீடே கிடையாதே," என்றது ஆமை.

"அதத்தான் சொல்றேன். எவ்வளவு நல்லா இருந்துச்சு."

அதுவரை படித்துக்கொண்டிருந்த சிறுத்தையார் வாயைத் திறந்தார். "மூணு தட்டுங்கிறது என் நடிப்பு. அதை எடுத்துட்டா அந்த ஊர்ல நான் யாரு?"

"பாலை நேரா உள்ள கொண்டுபோய் வச்சிருங்க சார். நேரம் மிச்சம்," என்றார் நரியார்.

"கதவைத் தட்டாம உள்ள போறவன் பால்காரன் இல்ல. திருடன்."

"அதுவும் நல்ல கதைதானே. திருடனாவே இருங்க. உங்க முகவெட்டுக்கு ரொம்பப் பொருந்தும்," என்று எழுதி நரியார் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டார். அட்மின் சிரித்தால் சிரிக்கவேண்டும் என்று எல்லாரும் ஆளுக்கொரு சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பயத்தில் முயலும் ஒன்று போட்டுவிட்டு, அவசரமாக அழித்தாள். சிறுத்தையார் பொம்மைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

ஓட்டெடுப்பில் கதவு தோற்றது. நரியார் ஊர் விவரத்தைத் திருத்தி மேலே குத்தி வைத்தார்.

திங்கட்கிழமை விடிந்தது. வாசல் கல்லில் தட்டுகிற சத்தத்துக்காக முயல் காதை நீட்டிக்கொண்டு இருந்தாள். சத்தம் வரவில்லை. தலை வந்தது. மீசையோடு வந்தது.

"யாரது?" என்றாள் முயல்.

"கதவுதான் இல்லையே மிஸ்," என்றார் சிறுத்தையார். "அட்மின் எடுத்துட்டாரு. எனக்கும் வருத்தம்தான். ஆனா பசிக்குது."

"அண்ணே, சின்னப் பிள்ளைங்கண்ணே. மூணும் இன்னும் புல்லுகூடச் சரியாக் கடிக்கல."

"பாத்தேன். மூணும் நல்லா இருக்கு," என்றார் அவர், மனப்பூர்வமாக.

முயல் குட்டிகளைப் பார்த்தாள். சிறுத்தையாரைப் பார்த்தாள். அப்புறம் ஸ்டெல்லா மிஸ்ஸின் குரலில் சொன்னாள்:

"சரி. வாங்க உள்ள. அட்மின் சாருக்கு ரொம்பச் சந்தோஷமா இருக்கும்."

உள்ளே வந்துகொண்டிருந்த தோள் நின்றது. "அவருக்கு என்ன சந்தோஷம்?"

"கதவு இல்லைன்னு அவர் எழுதினாரு. எழுதினா போதுமா? இன்னொருத்தர் தொடணும்ல. கதவில்லாத வீட்டுக்குள்ள இன்னும் ஒருத்தரும் போகல. நீங்கதான் முதல் ஆள். நீங்க உள்ள வந்த நிமிஷம் அவர் எழுதினது ஊர்ல நிலைச்சிரும். திருடனே வந்து ஒத்துக்கிட்டான்னு சொல்வாரு."

விளையாட்டு வேறு, காடு வேறு என்று அப்போது யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே இருந்தது இவர்கள்தான். ஒருவருக்கு அது ஞாபகம் இல்லை. மற்றவளுக்கு அதைச் சொல்வதில் ஆதாயம் இல்லை.

"சிரிப்புப் பொம்மை வேற போடுவான்," என்றார் சிறுத்தையார் மெதுவாக.

"ரெண்டு போடுவாரு."

தலை வெளியே போனது. "பட்டினியாக் கிடந்து செத்தாலும் சரி, அவன் திருத்தின ஊருக்குள்ள நான் காலை வைக்கமாட்டேன் மிஸ்," என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே பட்டினியாக நடந்து போனார்.

குரூப்பிலும் எழுதிவிட்டார்: "நான் எவன் வீட்டுக்குள்ளும் நுழையமாட்டேன்." சிறுத்தையே நுழையாத இடத்தில் மற்றவர்கள் எப்படி நுழைவது. மனிதனூர் முழுக்கத் தெருவில் நின்றது. பப்பு பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்று அழுதான். ஆமை ஆட்டோவைக் கடுவேகத்தில் கொண்டுவந்து நிறுத்தியது, ஏறத்தான் ஆள் இல்லை, எல்லாரும் அவரவர் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாராவது ஒருத்தர் உள்ள போங்கப்பா," என்று நரியார் கெஞ்சினார். "கதை நின்னுபோச்சு."

"நீங்களே ஒரு வேஷம் எடுத்துப் போகலாமே அட்மின் சார்," என்று முயல் எழுதினாள். "கேஸ் சிலிண்டர் போடுறவர் மாதிரி. அட்மின் வேற, சிலிண்டர்காரர் வேற. செல்லும்."

"நல்ல யோசனை. உங்க வீட்டுக்குள்ளயே வர்றேன் மேடம்."

"வாங்க. ஆனா நான் சும்மாவே பயந்தவ, என் வீட்டுக்குள்ள யார் வேணாலும் வருவாங்கன்னு சொல்லிருவாங்க. யார் ரொம்ப எதிர்க்கிறாங்களோ அவங்க வீட்டுக்குள்ள போனாத்தானே உங்களுக்கு மரியாதை."

நரியாருக்கு அது பிடித்திருந்தது. அதுவும் அவர் சும்மா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதுகிறவர் இல்லை. பார்க்காமல் எழுதினால் வர்ணனை உயிரோடு இருக்காது என்பது அவர் கொள்கை. செல்போனை எடுத்துக்கொண்டு நேராகச் சிறுத்தையாரின் குகைக்கே நடந்தார். நடந்துகொண்டே எழுதினார்:

"சிலிண்டர்காரனாகிய நான் சுடலைமுத்துவின் வீட்டு வாசலில் நிற்கிறேன். கதவு இல்லை. எவ்வளவு அழகான வாசல். உள்ளிருந்து கதகதப்பான காற்று வருகிறது. இதோ காலை எடுத்து வைக்கிறேன்."

அதற்கப்புறம் செய்தி வரவில்லை.

காடு நெடுநேரம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஆமை கேட்டது: "சிறுத்தை சார், அட்மின் உங்க வீட்டுக்கு வந்தாரா?"

பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. வாய் நிறைய இருந்தால் விரல் ஓடாது போலிருக்கிறது.

"யாரும் வரலையே," என்று சிறுத்தையார் எழுதினார். "வந்திருந்தா கதவைத் தட்டியிருப்பாங்கல்ல. எனக்குச் சத்தமே கேக்கல."

காட்டுப்பன்றி அதை ஆமோதித்தது. தட்டாதவர் வந்தவர் ஆகமாட்டார் என்று யானையும் சொன்னது. யானைக்குத் தோள்பட்டை வலி சுத்தமாக விட்டுப்போயிருந்தது. கதவில்லாத வீட்டுக்குள் ஒருத்தரும் போகாததால் நரியாரின் திருத்தம் செல்லாது என்று முடிவானது. சிறுத்தையாரைப் புது அட்மினாகப் போட்டியின்றித் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிட விரும்புகிறவர் உண்டா என்று அவரே கேட்டார், ஒருத்தரும் விரும்பவில்லை.

புது அட்மின் எல்லா வீட்டுக்கும் கதவைத் திருப்பி வைத்தார். வாழ்த்துகள் வந்து குவிந்தன. எல்லாவற்றுக்கும் முதலில் வந்தது முயலின் வாழ்த்து. குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே, ஒற்றை விரலால் எழுதியிருந்தாள்:

"வாழ்த்துகள் அட்மின் சார். பதவியில அமைதியா இருங்க. அப்புறம், தப்பா நினைக்காதீங்க, வேற யார் மேலயாவது உங்களுக்கு மனவருத்தம் இருக்கா?"

நீதி: பிள்ளைகுட்டி உள்ள வீட்டுக்குக் கதவு அவசியமில்லை. வாசலுக்கு வருகிறவருக்கு வேறு யார் மேலாவது கோபம் இருந்தால் போதும்.