கிளிப்பச்சை பட்டன்

இந்த நாட்டிலேயே பட்டன்களுக்காகப் பரிந்து பேசிய ஒரே மனிதர் எங்கள் கலர் அண்ணன்தான். அதியமான்கோட்டையில், டயர் கடை மாடியில் இருந்த எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியில் அவர் சீனியர். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பட்டனை அமுக்கி ஒன்றும் நடக்கவில்லை என்றால் நாங்கள் பட்டனைத் திட்டுவோம். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"பட்டன் என்னங்க பண்ணும்? அதுக்கு மேல ஏதோ கண்ணுக்குத் தெரியாம படுத்திருக்குதுங்க. நீங்க அதைத்தான் அமுக்குறீங்க."

உடனே திரையில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் பூசிவிடுவார். கிளிப்பச்சை, ரோஸ், மஞ்சள் என்று தீர்த்தமலைத் திருவிழா வளையல் கடை மாதிரி ஆகிவிடும். ஒளிந்திருந்தது மாட்டிக்கொள்ளும். பெயர் வந்தது அப்படித்தான். மனிதர் போடுவதோ வெள்ளைச் சட்டை மட்டும்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கொள்கைதான். என்ன கேட்டாலும் பெண் வாய் திறக்கவில்லை. அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்த தாய்மாமனை வெற்றிலை வாங்கிவர அனுப்பினார். மாமா வாசலைத் தாண்டியதும் பெண் பேச ஆரம்பித்தது. இன்றுவரை நிறுத்தவில்லை என்று அண்ணனே சொல்லிக்கொள்வார்.

நான் அங்கே புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் உறுதியாகவில்லை. மாம்பழக்கூழ் ஆலைக்கு நான் எழுதிய புரோகிராமில் 'பில் போடு' பட்டன் அசையவே இல்லை. அன்று மதியம் ஆலைக்காரர் அதைப் பார்க்க வருவதாக இருந்தது.

"மத்தியானம் பில்லு வர்லீன்னா, நாளைக்கி நீங்களும் வர வேணாங்க" என்றார் முதலாளி, மிகுந்த மரியாதையோடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் வந்து நிறம் பூசினார். பட்டன் கிளிப்பச்சை. அதற்கு மேலே சிவப்பாக ஒன்று திரை முழுக்கக் காலை நீட்டிப் படுத்திருந்தது. 'காத்திருக்கவும்' என்று காட்ட நான் வைத்த கட்டம் அது. எழுத்து போய்விட்டது, கட்டம் போகவில்லை.

"எந்திரிங்க சாமி, பட்டனுக்கு வேலை இருக்குது" என்று அண்ணன் அதைத் தூக்கினார். நிறங்களை அழிப்பதற்குள் ஆலைக்காரர் படியேறிவிட்டார். முதலாளி முகம் வெளுத்தது. ஆலைக்காரர் கிளிப்பச்சையை அமுக்கினார். பில் வந்தது.

"இந்தக் கலரை எடுத்துராதீங்க. பச்சைய அமுக்குன்னு சொன்னாப் போதும், எங்க ஆளுங்க கண்ண மூடிக்கிட்டு அமுக்குவாங்க" என்றார்.

எனக்கு வேலை உறுதியான அன்று அண்ணன் கிளிப்பச்சைச் சட்டையில் வந்தார். ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது.

"என்னங்கண்ணா இது?" என்று கேட்டேன்.

"உனக்கு வேலை உறுதியாயிருக்குதும்மா. இன்னைக்கிப் போயி வெள்ளையிலயா வர்றது?"

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். எந்தப் பட்டன் மக்கர் செய்தாலும் முதலில் கிளிப்பச்சைதான் பூசுகிறேன். கோளாறு தெரிகிறதோ இல்லையோ, அண்ணனைப் பார்த்த மாதிரி இருக்கிறது.