பேய்களை ஃபெயிலாக்கிய மாஸ்டர்

பேய்களுக்கே தாழ்வு மனப்பான்மை வரவழைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். எண்பதுகளில் அவர் ஆக்லாந்தின் தெற்கே, மனுரேவாவில், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதாக நினைவில்லை. எஃப் மாஸ்டர் என்றால் மேற்கே ரானுயி வரைக்கும் தெரியும். அந்தக் காலத்தில் இங்கிருந்த தமிழர்கள் எல்லோரும் சேர்ந்தாலும் ஒரு சின்ன ஹால் நிரம்பாது. ஆனாலும் எங்களுக்கு மூன்று தலைவர்கள் இருந்தார்கள். மூவரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், எஃப் மாஸ்டரைக் கூட்டத்தில் பேச விடக்கூடாது என்பதுதான்.

யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் ரசாயனம் படிப்பித்தவர். வருடா வருடம் அரசாங்கப் பரீட்சைத் தாள் திருத்தப் போனவர். அங்கே முப்பத்தைந்து வாங்கினால் 'எஸ்', பாஸ். ஒன்று குறைந்தாலும் 'எஃப்'. மாஸ்டர் தன் வாழ்நாளில் முப்பத்து நான்கை முப்பத்தைந்தாக்கியதில்லை. இதைப் பெருமையாகச் சொல்வார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது ஒருவர் முப்பத்து நான்கு வாங்கியவராக இருப்பார்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தார். அவருடைய சான்றிதழ்களை நியூசிலாந்து மரியாதையாக வாங்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தது. கிடைத்த வேலை, இறைச்சிப் பெட்டி அடுக்கும் குளிர்க்கிடங்கில், மைனஸ் பதினெட்டு டிகிரியில், இரவு ஷிஃப்ட். திருத்துவதற்குத் தாள் கிடைக்காமல் கை அரித்துக்கொண்டிருந்த மனிதரிடம் போய் வீடியோ கேசட்டைக் கொடுத்தவர் டெய்ரி அக்கா.

அக்கா மலேசியத் தமிழர், தைப்பிங்காரர். பால், ரொட்டி, பத்திரிகை, மிட்டாய் விற்கிற மூலைக்கடைக்கு இங்கே டெய்ரி என்று பெயர். பாபகூராவில் ரயிலடிக்கு அருகே அப்படியொரு டெய்ரியை அவரும் கணவரும் நடத்தினார்கள். கடையின் பின்சுவரில் வாடகை வீடியோ ஷெல்ஃப் ஒன்றை அக்கா தன் சொந்த யோசனையில் வைத்திருந்தார். அது கணவருக்குப் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் பை வார்மர், அதாவது இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தைச் சூடாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி, வைக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. இறைச்சி பை சூடாக இருந்தால் ராணுவ முகாமிலிருந்து வரும் பையன்கள் வரிசையில் நிற்பார்கள் என்று அவர் நம்பினார். கடைசியில் தேதி குறித்துவிட்டார்.

"அக்டோபர் முடியிற வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள அந்த ஷெல்ஃப் ஓடணும். இல்லன்னா பை வார்மர்தான்."

அக்காவுக்குக் கலிஃபோர்னியாவில் ஒரு சித்தி மகள். அங்கே அக்டோபர் மாதம் முழுக்க எல்லோரும் பேய்ப்படம் பார்க்கிறார்கள், அதற்கு ஹாலோவீன் என்று பேர் என்று அவள் எழுதியிருந்தாள். அக்கா இருபத்தொன்பது பேய்ப்படங்களை மொத்தமாக வாங்கிவிட்டார். அங்கே அக்டோபர் இலையுதிர் காலம், இங்கே வசந்தம் என்பதை அவர் யோசிக்கவில்லை. பேய் வரவேண்டிய மாதத்தில் எங்களுக்கு ஆட்டுக்குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன. பூசணிக்காயில் கண்ணும் வாயும் வெட்டி வைக்கவேண்டுமாம். இங்கத்திய பூசணி சாம்பல் நிறம். அக்கா அதிலும் கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டிக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்துக் குழம்பினார்கள். தமிழர்கள் குழம்பவேயில்லை. கடை வாசலில் முகம் போட்ட பூசணி எதற்கு என்று நம்மவர்களுக்குச் சொல்லித் தரவேண்டுமா?

"நல்ல வேலை செஞ்சீங்க அக்கா. இந்தக் கடை மேல நிறையக் கண்ணு," என்றார் மூன்று தலைவர்களில் ஒருவர். "அமாவாசைக்கு ரோட்டுல போட்டு உடைச்சிடுங்க." கண் வைத்தவர்களில் அவரும் ஒருவர் என்பது வேறு விஷயம்.

விளம்பரத்துக்கு என்ன செய்வது? அமெரிக்காவில் விமர்சகர்கள் எழுதுகிறார்களாம். படித்தவர், நன்றாக எழுதுவார், பகலில் சும்மா இருக்கிறார் என்று அக்கா எஃப் மாஸ்டரைப் பிடித்தார். மாதம் முழுக்கக் கேசட் இலவசம். பதிலுக்கு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விமர்சனம். அதைப் பால் வைக்கிற ஃபிரிட்ஜின் கண்ணாடிக் கதவில் ஒட்டிவிடுவதாக அக்கா வாக்குக் கொடுத்தார். ஒரு பரீட்சகரிடம் விளம்பரம் கேட்ட முதல் வியாபாரி அவராகத்தான் இருக்க வேண்டும்.

முதல் விமர்சனம் ஃபுல்ஸ்கேப் தாளில், இடப்பக்கம் மார்ஜின் கோடு போட்டு, சிவப்புப் பேனாவில் வந்தது. எனக்கு இன்னும் மனப்பாடம்.

"பேய் இந்த வீட்டுக்கு ஏன் வந்தது என்பதற்குக் காரணம் காட்டப்படவில்லை: 0. இரத்தத்தின் நிறம் பிழை. காற்றுப் பட்டு ஒரு மணித்தியாலம் கழிந்தும் கறுக்கவில்லை: 2. கதவைத் திறக்க வேண்டாம் என்று தெளிவாக அறிவுறுத்தப்பட்டிருந்தும் கதாநாயகி மூன்று தரம் திறக்கிறாள். வினாவை வாசிக்காமல் விடை எழுதும் பழக்கம். ஆரம்பத்தில் வரும் படப்பெயர் எழுத்துகள் வழிந்தோடுகின்றன, வாசிக்க முடியவில்லை. கையெழுத்துக்கு 5 குறைக்கப்பட்டது. மொத்தம் 9. எஃப்."

அந்த எஃப் ஒரு சாஸர் அளவு இருந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்துக்குக் கீழே இரண்டு கோடு. தமிழ் தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. முகாமிலிருந்து வந்த பையன்கள் அந்த எஃப்பைப் பார்த்தார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் அதே எழுத்தை அதே நிறத்தில் பார்த்திருக்க வேண்டும். கேசட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

பத்து நாளில் ஃபிரிட்ஜ் கதவு முழுக்கச் சிவப்பாகிவிட்டது. குளிர்க்கிடங்கில் பிணம் எழுந்து நடக்கிற படம் ஒன்று வந்தபோது, இதிலாவது அனுபவம் பேசும், இரக்கம் காட்டுவார் என்று அக்கா எதிர்பார்த்தார். அனுபவம்தான் பேசியது. "கதாநாயகன் கையுறை இல்லாமல் இரும்புப் பிடியைத் தொடுகிறான். தோல் ஒட்டிக்கொள்ளும். பேய் வரத் தேவையில்லை. 6. எஃப்." ஜனங்கள் கூட்டமாக வந்தார்கள். விமர்சனத்தைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஒரு பாட்டில் பால் வாங்கிக்கொண்டு போனார்கள். படம் எடுக்கவில்லை. அக்காவின் கணவர் மட்டும் ஒவ்வொரு விமர்சனத்தையும் உருகிப்போய்ப் படித்தார். பை வார்மருக்கு ஆர்டர் கொடுக்கும் படிவத்தை அவர் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

மாஸ்டர் படம் பார்க்கும் முறையையும் சொல்லிவிட வேண்டும். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, குளித்து, புட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டு, காலை பத்து மணிக்கு உட்காருவார். வெளியே பளீரென்று வெயில், பக்கத்து வீட்டில் புல் வெட்டும் சத்தம். ஜன்னலில் கம்பளி கட்டியிருப்பார். கம்பளியின் ஓட்டை வழியே ஒரு வெயில் கோடு நேராகப் பேயின் மூக்கில் விழும். மடியில் பலகை, பலகையில் தாள், காதில் பேனா.

தினமும் காலை பத்து மணிக்கு ஒரு பெண் அலறுகிறாள் என்று பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் போலீசைக் கூப்பிட்டுவிட்டார். இளம் கான்ஸ்டபிள் ஒருவர் வந்தார். மாஸ்டர் கலங்கவில்லை. அவரை உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டு, கையில் ஒரு தாளையும் கொடுத்துவிட்டார். பெரிய பரீட்சைகளில் இரண்டாவது பரீட்சகர் ஒருவர் தனியாக மார்க் போடுவது வழக்கமாம். கான்ஸ்டபிள் படம் முடியும்வரை இருந்து அறுபது போட்டார். மாஸ்டருக்கு இது பெரிய மனவருத்தம்.

"பொலிஸ்காரன் அறுபது போட்டவன் ஐசே! அந்தப் படத்துக்கு! இந்த நாட்டிலை சட்டம் ஒழுங்கு எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாரும்."

இவருக்குப் பயமே கிடையாதா என்றால், உண்டு. தொலைபேசி. நடைவழியில் ஒரு ஸ்டூலில் இருந்த அதன் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடி வைத்திருந்தார். அது அடித்தால், கழுத்து அறுபடுகிற காட்சியில் கொட்டாவி விட்ட மனிதர் விறைத்து எழுந்து நிற்பார். அவருடைய மனைவியும் இரண்டு பெண்களும் கொழும்பில் ஓர் அறை எடுத்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருந்தார்கள். வழக்கமான செய்தியெல்லாம் நீலநிற ஏரோகிராம் கடிதத்தில் வரும். அங்கிருந்து போன் பண்ணுவதென்றால் அது தாங்காத செலவு. அந்தச் செலவை யாரும் நல்ல செய்திக்காகச் செய்யமாட்டார்கள். ஆனால் இங்கே அவருக்கு வந்த அழைப்பெல்லாம் பெரும்பாலும் சங்கத்துக்கு நாற்காலி தூக்க ஆள் தேடித்தான்.

நான் அதையும் கேலி செய்தேன். "என்ன மாஸ்டர், பேயைப் பாத்தா சிரிக்கிறீங்க, போன் அடிச்சா எழுந்து நிக்கிறீங்க?"

"பேய் ஆரெண்டு தெரியும் ஐசே. போனிலை ஆரெண்டு தெரியாதே," என்றார். அதையும் நான் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

அக்டோபரின் கடைசி வாரம். அக்கா என்னைக் கடைக்குள் தனியாக அழைத்தார். நான் மதுரையில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தவன், எழுதுகிறவர்களிடம் பேசத் தெரியும் என்பது அவர் எண்ணம்.

"தம்பி, இருபத்தெட்டு படம் லா! இருபத்தெட்டும் ஃபெயில்! ஒரு படம் பாஸ் பண்ணச் சொல்லுங்களேன். ஒண்ணே ஒண்ணு. இந்த ஷெல்ஃப் ஒண்ணுதான் நானா யோசிச்சு, நானா செஞ்சது. இது போச்சுன்னா அப்புறம் காலம் பூரா பை சுட்டுக்கிட்டுதான் இருக்கணும்."

"அந்தப் பேப்பரையெல்லாம் கிழிச்சுப் போட்டுடலாமே அக்கா?"

"வாக்குக் குடுத்துட்டேன் லா. அதுவும் இல்லாம அவரு வந்து தினமும் எண்ணிப் பாக்குறாரு."

கடைசிக் கேசட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை மாஸ்டர் வீட்டுக்கு நானே போனேன். விஷயத்தைச் சொன்னேன். அக்காவின் ஷெல்ஃப், பை வார்மர், சட்டைப்பையில் இருக்கும் படிவம், எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார்.

"ஓம், பாவம்தான். நல்ல மனுசி. ஆனா பாவத்துக்கு எந்தப் பத்தியிலை மார்க் போடுறது? நீரே சொல்லும்."

"ஒரு படம் மாஸ்டர். முப்பத்தஞ்சு போதும்."

"நீர் என்னட்டைக் கதைச்சதாலை மூண்டு மார்க் குறைக்கோணும். முறைப்படி." காதிலிருந்து பேனாவை எடுத்தார். "பேசாமல் இரும். படத்தைப் போடுறன்."

படம் சகிக்கவில்லை. பத்திரிகைக்காரன் என்ற முறையில் நானும் மனத்துக்குள் மார்க் போட்டுக்கொண்டே வந்தேன். பதினொன்றைத் தாண்டவில்லை. ஒரு காலி வீடு, ஒரு பெண், அவளுக்கு மூளையில்லை. மாஸ்டர் மூன்று முறை சிரித்தார், ஒரு முறை நகம் வெட்டினார். அக்காவிடம் என்ன சொல்வது என்று நான் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது படத்தில் தொலைபேசி அடித்தது.

அவ்வளவுதான். பேய் வரவில்லை, ரத்தம் இல்லை. இருட்டு அறையில் மணி அடிக்கிறது, அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் திரும்பினேன். மாஸ்டரின் நாற்காலி காலி. பலகை தரையில் கிடந்தது. நடைவழியில் அவர் துவாயை உருவி எறிந்துவிட்டு, ரிசீவரை இரண்டு கையாலும் காதில் பிடித்துக்கொண்டு நின்றார். "ஹலோ," என்றார். "ஹலோ. ஓம். நான்தான். ஹலோ." அவர் காதில் டயல் டோன் மட்டுமே கேட்டிருக்கும். அறைக்குள் படத்தின் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் புரிய நேரமானது.

ரிசீவரை வைத்தார். துவாயை எடுத்து உதறி, நான்காக மடித்து, மறுபடி மூடினார். வந்து உட்கார்ந்தார். மீதிப் படத்தில் அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. கேலி செய்ய ஒரு மாதத்துக்குத் தேவையான விஷயம் கண்ணெதிரே நடந்தது. எனக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை.

படம் முடிந்ததும் தாளில் ஒரே வரி எழுதினார். "தொலைபேசி மணி இயல்பாக உள்ளது. 35. எஸ்."

"மாஸ்டர், மூணு மார்க் குறைக்கணும்னு சொன்னீங்களே?"

"குறைச்சுத்தான் போட்டனான்," என்றார்.

அக்கா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் அழுதார். இருபத்தெட்டு எஃப்புக்கு நடுவே ஒரு எஸ் ஏறியதும் கடையில் நடந்ததை அவருடைய கணவர் நம்பவே மறுத்தார். இத்தனை படத்தை வெட்டிச் சாய்த்த ஆள் ஒன்றை மட்டும் விட்டிருக்கிறான் என்றால் அதில் என்னவோ இருக்கிறது என்று முகாம் பையன்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு அந்தக் கேசட்டை எடுத்தார்கள். அது கிடைக்காதவர்கள், இருக்கட்டும் என்று ஃபெயிலான படங்களையும் எடுத்தார்கள். ஷெல்ஃப் தப்பியது. பை வார்மரும் வந்தது, ரொட்டிக்குப் பக்கத்தில், ஷெல்ஃபில் பாதி அளவில்.

"எப்படி மாஸ்டர் பாஸ் பண்ணீங்க? எனக்காகத்தானே?" என்று அக்கா விடாமல் கேட்டார்.

"சீச்சீ. விதிப்படி," என்றார் மாஸ்டர். "பேய்ப்படமெண்டால் பயப்படுத்தோணும். அது பயப்படுத்தினது."

அக்கா அதை நம்பவில்லை. தனக்காகக் கொள்கையைத் தளர்த்திய மகான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மையில் அந்த மனிதர் கொள்கையைத் தளர்த்தவே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஒன்றரை வருடம் கழித்து விசா கிடைத்து, மனைவியும் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். செய்தி ஏரோகிராமில்தான் வந்தது. துவாய் குளியலறைக்குப் போய்விட்டது. பெண்கள் நாள் முழுக்க அந்தத் தொலைபேசியில்தான் பேசினார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய ஒன்றரை வருடமும் நான் மாஸ்டரை அழைக்கும்போதெல்லாம் இரண்டு தரம் மணியடிக்க விட்டு, வைத்துவிட்டு, மறுபடி அழைப்பேன். கொழும்பிலிருந்து யாரும் அப்படி அடிக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. இரண்டாவது தரம் முதல் மணியிலேயே எடுப்பார். ஸ்டூலுக்குப் பக்கத்தில் அவர் போட்டிருந்த நாற்காலி கிறீச்சிடுவது எனக்குக் கேட்கும்.

"என்ன ஐசே," என்பார், உட்கார்ந்தபடியே.