ட்ரோனுக்கு ஒரு லப்டொப்

"மச்சான், பற்றரி சிவப்புக் காட்டுது," என்றான் கொன்ஸ்ரன்ஸ்.

சொல்ல வேண்டியதையெல்லாம் பிறெடி பம்பலப்பிட்டி லப்டொப் கடையில் வைத்தே சொல்லிவிட்டான். "டேய், வெளியில கொண்டுபோய் ட்ரோன் செட் பண்ணத்தானே கேக்கிறாய்? சின்னதா, சார்ஜ் நிக்கிறதா ஒண்டை எடு. வெயிலுக்கை ஸ்கிரீன் தெரியோணும். அவ்வளவுதான்."

அவன் காட்டிய சாம்பல் நிற லப்டொப்பை கொன்ஸ்ரன்ஸ் திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்ததைத் திறந்ததும் கீபோட் எழுத்துகளுக்குக் கீழே வானவில் வெளிச்சம் ஓடியது. "கேமிங் மெஷின் சேர்," என்றார் விற்பனையாளர்.

"இதுதான் ட்ரோனுக்குச் சரி. எனக்குத் தெரியாதே?" என்று கொன்ஸ்ரன்ஸ் அதைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தான். கப்பல் கொம்பனியில் கிளார்க்காக இருக்கும் அவனுக்குக் கம்பியூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது என்பது, அவனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இப்போது ஹெந்தளை மைதானத்தில் அந்த ஸ்கிரீன் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டிருந்தது. வியர்த்து வழியும் தன் மூஞ்சி மட்டுமே அவனுக்குத் தெரிந்தது. அதற்குள் ஏதோ ஒன்றை அமத்திவிட்டான். மழைக்காலம் முழுக்க இருந்து தானே பாகம் பாகமாகப் பூட்டிய ட்ரோனுக்குள் புதிய புரோகிராம் ஏறத் தொடங்கியது. கையால் வெயிலை மறைத்துப் பார்த்தபோது, ஸ்கிரீனின் கீழே ஒரு கோடு நத்தை போல ஊர்ந்தது.

"பாதியில நிண்டா என்ன நடக்கும்?"

"ட்ரோன் அவ்வளவுதான். ஷோகேசில வைக்கலாம்."

பிளக் கேட்டதும் தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர் கையை விரித்தார். "கரன்ட் நே, மல்லி." ஏரியா முழுக்கக் கரன்ட் இல்லையாம். பிறகு எதிர் ஒழுங்கையைக் காட்டினார். வெள்ளைக் கொடிகள் கட்டிய ஒரு வீட்டில் மட்டும் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது.

"செத்தவீட்டுக்கே போகப்போறாய்?" என்றான் பிறெடி.

"வேறை வழியைச் சொல்லு."

லப்டொப்பைத் திறந்தபடி இரு கைகளிலும் ஏந்தி, அதோடு வயரில் தொங்கிய ட்ரோனை நாடியால் அமத்திக்கொண்டு கொன்ஸ்ரன்ஸ் ஓடினான். பிறெடி றோட்டிலேயே நின்றுகொண்டான்.

வாசலில் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் கைகூப்பினார். வீட்டுப் பெரியவர் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

"வாங்கோ தம்பி. கனடாவில இருக்கிற மகனுக்கு லைவ் காட்ட வந்த ஆள்தானே?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பற்றரி இன்னும் ஒரு புள்ளி இறங்கியது.

"ஓம்."

அவர் அவனைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சவப்பெட்டியின் தலைமாட்டிலேயே இருத்தினார். பிளக் அங்கேதான் இருந்தது. செபமாலை நடந்துகொண்டிருந்தது. எழுத்துகளுக்குக் கீழே ஓடிய வானவில், செத்தவரின் முகத்தில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக விழுந்தது. பதறிப்போய் ஒரு பட்டனை அமத்தினான். வெளிச்சம் விட்டுவிட்டு மின்னத் தொடங்கியது. இன்னொன்றை அமத்தினான். கார்னிவல் மாதிரி சுழன்றது. முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்து மூடினான். சூடேறிய லப்டொப் அரிசி மில் போல இரைந்தது. செபம் சொன்னவர்கள் அதற்கு மேலால் குரலை உயர்த்தினார்கள்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"பீப்," என்றது ட்ரோன்.

அந்த நேரம் பார்த்து, செத்தவரின் மனைவி மெல்ல எழுந்து வந்து ஸ்கிரீனுக்கு முன்னால் இருந்தார்.

"ராசா, அப்பாவைப் பாத்தியே?" ஊர்ந்த கோட்டை விரலால் தடவினார். "தம்பி, அவனுக்கு வடிவாத் தெரியுதே?"

"தெ... தெரியுது அன்ரி."

அவர் பின்னால் திரும்பிக் கூப்பிட்டார். "எல்லாரும் கிட்ட வாங்கோ, பெடியன் பாக்கிறான்!"

சொந்தக்காரர்கள் வரிசையில் வந்து ட்ரோனைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஒருவர் விம்மி அழுதார். கோடு கடைசிக்கு வந்து நின்றது. வேலை முடிந்தது. இனி வயரைப் பிடுங்கிக்கொண்டு போகலாம். கொன்ஸ்ரன்ஸ் எழும்பவும் செய்தான். செத்தவரின் மனைவி இன்னும் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அப்படியே அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"அன்ரி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இதில உங்கட மகன் இல்லை. நான் கரன்ட்டுக்குத்தான் உள்ளுக்கு வந்தனான். இது என்ர விளையாட்டுச் சாமான்."

செபம் நின்றது. லப்டொப் மட்டும் இரைந்தது. அவர் அவனையும் ட்ரோனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெயிலுக்கை ஓடி வந்திருக்கிறாய் என்ன," என்றார். "அவன் விடியவே போனில பாத்து அழுதிட்டான். நீ இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். கையசைத்தவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் அந்தத் தேத்தண்ணியை மிடறு மிடறாக விழுங்கி முடித்தான்.

வாசலில் வெள்ளைச் சேட்டுக்காரர் இன்னும் கைகூப்பியபடி நின்றார். அவரைக் கடந்துபோக அவனுக்கு மனம் வரவில்லை.

"ஐயா, உங்களையும் ஏமாத்திப்போட்டன். செத்தவர் ஆரெண்டே எனக்குத் தெரியாது. சார்ஜ் பண்ணத்தான் வந்தனான்."

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அவன் கையைப் பிடித்து மதிலோரம் இழுத்துக்கொண்டு போனார்.

"சத்தம் போடாதேங்கோ தம்பி. நானும் விடிய போன் சார்ஜ் பண்ணத்தான் வந்தனான். இன்னும் என்னைப் போக விடுகினமில்லை."