விளக்கை அணைக்காத டெஸ்மண்ட்

பக்கத்து வீட்டுச் சமையலறையில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. தொடர்ந்து நோராவின் குரல்: "ஹில்டா, வெண்ணெய்க்குப் பக்கத்துல டப்பாவுக்குள்ள என்னமோ ஊருதுடி."

பயப்படாதீர்கள் வாசகரே. அது டெஸ்மண்டின் ஃப்ரிட்ஜ். உள்ளே இருப்பவை அவர் விளக்கு வைத்துப் பிடித்த விட்டில்பூச்சிகள். குளிரில் வைத்தால் படமெடுக்கும்வரை அடங்கிக் கிடக்குமாம்.

விட்டில் பிடிப்பவர் என்ற இனம் இங்கிலாந்தில் எங்கள் ஷ்ராப்ஷையரில் தெருவுக்கு ஒன்று உண்டு. பிப்ரவரி முடிகையில் ஊரே வெயிலுக்கு ஏங்க இவர் மேகத்துக்கு ஏங்குவார். வெளிச்சத்தில் விட்டில் வராதென்று நிலாவைக் கண்டால் முகம் சுளிப்பார். விளக்கடியில் பூச்சிகள் பதுங்க, முட்டை அடுக்கும் காலி அட்டை வேண்டுமென்று பக்கத்து வீட்டுக்காரியான என் கதவைத் தட்டுவார். தோட்டத்தில் ரயில் நிலையம்போல் விளக்கெரித்து, விடிந்ததும் பைஜாமாவோடு போய் அட்டைகளைப் புரட்டி, ஒன்றும் சிக்காவிட்டால் "பூஜ்ஜியமும் ஒரு தகவல்தான்" என்பார்.

இந்தப் பருவத்தில் விளக்குக்கு வருவது பெரும்பாலும் ஆண் விட்டில்கள்தான். பல இனங்களில் பெண்ணுக்குச் சிறகே கிடையாது. இருட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு காத்திருப்பாள். இதைச் சொல்லும்போது டெஸ்மண்டின் கண் கலங்கும். மனைவி ஹில்டாவுக்காகக் கலங்கியதாகத் தகவல் இல்லை.

ஹில்டா கேட்டதுதான் என்ன? அம்மாவின் இறுதிச் சடங்கில் சண்டையிட்டுப் பிரிந்த அக்கா நோரா பல வருடம் கழித்து வருகிறாள். தோட்டத்தைப் பார்த்த அறையில்தான் படுக்கை. மனம் ஆறி நாலு நாள் தங்கவேண்டும். அவள் வரும் அந்த ஒரு ராத்திரி மட்டும் விளக்கை அணைக்கவேண்டும்.

உறைபனி விலகி முதல் தூறல் விழுந்த, விட்டில்கள் மொய்க்கும் ராத்திரி அது. அணைப்பாரா?

மறுநாள் காலை அட்டைகளோடு நான் உள்ளே நுழைந்தபோது, கண் சிவந்த நோரா கோட்டை மாட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

"விடிய விடிய அந்த வெளிச்சத்துல போலீஸ் விசாரணையில உக்காந்த மாதிரி இருந்துச்சு. எனக்கு இங்க இடமில்லன்னு வாயால சொல்லியிருக்கலாமேடி."

"அவர் வேணும்னு செய்யலக்கா. ஏங்க, நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"திரை போட்டிருந்துச்சே" என்றார் டெஸ்மண்ட்.

நோரா வாசலைத் தாண்டினாள்.

"நோரா, கொஞ்சம் நில்லுங்க." அவர் குரல் நடுங்கியது.

நீர் ததும்பும் கண்களோடு அவள் திரும்பினாள். ஹில்டா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டெஸ்மண்ட் நெருங்கி வந்து, தோளை நோக்கி மெல்லக் கை நீட்டி, அவள் கோட்டில் ஒட்டியிருந்த விட்டிலின்மேல் மறு கையிலிருந்த டப்பாவைக் கவிழ்த்தார்.

"அசையாதீங்க. இந்த வருஷத்தோட முதல் 'ஓக் அழகி' விட்டில்."

சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டிலிருந்து கடைசியாக ஒருவர் மனம் நொந்து கிளம்பியபோது உங்கள் கண் எங்கே இருந்தது? அவர் முகத்திலா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

நோரா படியிறங்கிப் போனாள். இரண்டு கையிலும் டப்பாவைப் பிடித்திருந்ததால், டெஸ்மண்ட் கதவைக் குதிகாலால் சாத்தினார்.