வெளியே நானூறு டிகிரி

இனி இந்த ஜென்மத்தில் பால்மர்ஸ்டன் மலைச்சாலையில் எவனும் தன்னை முந்தக் கூடாது என்று மெர்வின் சபதம் எடுத்தது, ஒரு கேசோவரி அவனை முந்திப் போன அன்றைக்கு.

கேசோவரி ஆளுயரப் பறவை. பறக்காது, நடக்கும். அன்றைக்கும் நடந்துதான் போனது. ஓடிப் போயிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். மெர்வினுடைய டீசல் வண்டிக்கு நாலு சக்கரமும் இழுக்கும் என்று பேர். பின்னால் ஒரு தகரப் படகைக் கட்டிக்கொண்டு, இரண்டாம் கியரில், பிரசவ வலி கண்டதுபோல் முனகிக்கொண்டு அது மலையேறியது. பறவை ஜன்னலோரம் வந்தது. உள்ளே குனிந்து ஒரு பார்வை பார்த்தது. பிறகு வேலை இருப்பதுபோல் முன்னே போய்விட்டது.

பறவையை விடுங்கள். அடுத்த வளைவில் டீனோ முந்தினான்.

டீனோ அடுத்த கரும்புத் தோட்டத்துக்காரன். அவனிடம் புது வண்டி உண்டு, படகு கிடையாது. மெர்வினிடம் படகு உண்டு, வண்டி என்று மதித்துச் சொல்லும்படி எதுவும் கிடையாது. முந்தும்போது டீனோ ஸ்டீயரிங்கைப் பிடித்த கையிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் அரை அங்குலம் தூக்கினான். அந்தச் சீமைச் சாலைகளில் அதுதான் வணக்கம். எதிரில் வருகிறவன் யாரானாலும் ஒரு விரல். ஆனால் முந்திப் போகிறவன் தூக்குகிற விரலுக்கு அர்த்தமே வேறு. 'அவசரமில்லை, மெதுவா வா. நான் போய் உலை வைக்கிறேன்' என்று அர்த்தம்.

மெர்வின் முப்பத்தெட்டு வருஷம் சர்க்கரை ஆலையின் கரும்பு ரயிலை ஓட்டி ஓய்வு பெற்றவன். தவளைகள் தண்டவாளத்தைத் தாண்ட அவகாசம் கொடுக்கிற வேகம். வாழ்க்கையில் ஒரு தடவையாவது எதையாவது முந்திவிட வேண்டும் என்கிற வெறி அவனுக்கு இருந்ததில் தப்பில்லை.

வழி என்னவென்று அவனுக்குத் தெரியும். டர்போ. புகைக்குழாய் வழியாகச் சும்மா போகிற புகையை மடக்கி, அதை வைத்தே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, இன்ஜினுக்குள் காற்றை ஊதித் திணிக்கிற கருவி. வீணாய்ப் போகிற பெருமூச்சைப் பிடித்து வேலை வாங்குவது. மெர்வினுடைய மனைவி கிளெனிஸ் இதை எந்தக் கருவியும் இல்லாமல் நாற்பது வருஷமாகச் செய்துவந்தாள்.

ஆனால் ஒரு சிக்கல். சிக்கலின் பெயர் பெரில்.

பெரில், கிளெனிஸின் அக்கா. மலைக்கு மேலே, பால்மாடும் பனிமூட்டமுமாக இருக்கிற ஊரில் தனியாக இருந்தாள். அவள் வீட்டில் தம்பதிக்குப் படுக்க இடமில்லை. போனால் சக்கரம் வைத்த வீடான தங்கள் கேரவனை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். போனால், பெரில் கதவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பட்டியலை நீட்டுவாள். கூரை ஒழுகுது. கோழிக்கூடு சாயுது. விறகு பிளக்கணும். கடைசியாகப் போனபோது மெர்வின் பதினைந்து நாளில் மூன்று தடவைதான் உட்கார்ந்தான். அதில் இரண்டு தடவை விழுந்து உட்கார்ந்தது.

அதற்கப்புறம் ஆறு வருஷமாக ஒரே பதில் வைத்திருந்தான்.

"எனக்கு ஆசையில்லையா கிளெனிஸ்? வண்டிக்கு மூச்சில்லையே! கேரவனைக் கட்டுனா மலையில பாதியில நின்னுடும். உருண்டு கடல்ல போய்த்தான் நிக்கும்."

"வருஷா வருஷம் ஜூலையில படகை மட்டும் இழுக்குதே?"

"படகு தகரம். கேரவன் வீடு. அதுவும் நீ உள்ளே வெச்சிருக்கிற பீங்கான் சாமானுக்கே தனி இன்ஜின் வேணும்."

ஜூலையில் அந்தப் படகோடு பதினைந்து நாள், வளைகுடாக் கரையில் கரும்பா என்கிற ஊர். கொடுவா மீன், பியர், பேசாத நண்பர்கள் மூன்று பேர். வருஷத்தில் மெர்வின் உயிரோடு இருந்தது அந்தப் பதினைந்து நாள்தான். ஆக, வண்டிக்குப் பலம் வந்தால் டீனோவை முந்தலாம். ஆனால் பலம் வந்தது கிளெனிஸுக்குத் தெரிந்தால் பெரிலிடம் பிடிபடுவான். டர்போ மாட்ட வேண்டும், மாட்டியது தெரியக் கூடாது.

இந்தச் சமயத்தில் டீனோவே வேலியோரம் வந்தான்.

"டேய் மெர்வ், என் கொட்டகையில ஒரு டர்போ சும்மா கிடக்குது. பெட்டியே பிரிக்கல. உன் வண்டிக்குச் சரியா உக்காரும். ஒரு பெட்டி பியர் குடு, எடுத்துக்க."

"ஒரு பெட்டி பியருக்கா?"

"குளிர்ச்சியா குடு."

மெர்வின் காரணம் கேட்கவில்லை. அதிர்ஷ்டம் வருகிறபோது அதனிடம் அடையாள அட்டை கேட்கிற வழக்கம் அவனுக்கு இல்லை.

மூன்று வாரம் கொட்டகையே கதி. துருப்பிடித்த போல்ட்டு ஒன்று பாதியில் ஒடிந்தது. அதைக் குடைந்து எடுக்க நாலு நாள்; அந்த நாலு நாளில் அவன் பேசிய வார்த்தைகளைக் கேட்டு மாமரத்துக் கிளிகள் குஞ்சுகளை வேறு மரத்துக்குக் கொண்டுபோயின. காலை பத்து மணிக்குக் கிளெனிஸ் தேநீரும் தேங்காய்ப்பூவில் புரட்டிய லாமிங்டன் கேக்கும் கொண்டுவருவாள். வண்டிக்கடியிலிருந்து இரண்டு பூட்ஸ் மட்டும் தெரியும். பூட்ஸோடு பேசுவாள்.

"என்ன ரிப்பேரு?"

"சைலன்ஸர்ல ஓட்டை."

"மூணு வாரமாவா?"

"பெரிய ஓட்டை."

"அந்தப் பக்கம் நத்தை ஓடு மாதிரி ஒண்ணு பளபளன்னு இருக்கே?"

"அது... ஓட்டையை அடைக்கிறது."

"அழகா இருக்கு கண்ணு. பானட்டுக்குள்ள மூடி வெக்கணுமே, பாவம்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுவாள். மெர்வின் கேக்கைத் தின்றுகொண்டு, பெண்களுக்கும் இயந்திரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று வியந்துகொள்வான்.

மாட்டியாகிவிட்டது. கடைசியில் ஒரு சின்னக் கடிகாரம் மாதிரியான மீட்டர் மிச்சம். புகை எவ்வளவு சூடாகப் போகிறது என்று காட்டுவது. டர்போ மாட்டினவன் இதை மாட்டாவிட்டால் இன்ஜின் என்றைக்கு உருகும் என்று தெரியாது. அதை முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில், கண்ணுக்கு நேரேதான் மாட்ட வேண்டும். மாட்டினான். இதில்தான் வந்தது வினை.

சனிக்கிழமை கிளெனிஸோடு மளிகைக் கடைக்குப் போனான். வண்டி கிளம்பியதும் 'உய்ய்' என்றது.

"அது என்ன விசில்?"

"கதவு ரப்பர் போயிருச்சு. காத்து."

"நிக்கிறப்பவும் விசிலடிக்குதே?"

"பெரிய காத்து."

கதவு ரப்பரை விரலால் தடவினாள். பிறகு தூணைப் பார்த்தாள். "இந்தக் கடிகாரம் புதுசா?"

மெர்வினுக்கு வியர்த்தது. அந்த வியர்வையே யோசனை தந்தது. "கடிகாரம் இல்ல. வெளியில எவ்வளவு சூடுன்னு காட்டும்."

அந்த நேரம் பார்த்தா ஆலைப் பாலம் வர வேண்டும்! ஏற்றம். முள் மளமளவென்று ஏறியது.

"மெர்வின்."

"ம்."

"வெளியில நானூறு டிகிரின்னு காட்டுது."

"ஆமா. இன்னிக்குக் கொஞ்சம் புழுக்கம்தான்."

கிளெனிஸ் ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டிப் பார்த்து, மறுபடி ஏற்றிக்கொண்டாள். "அதானே பார்த்தேன்" என்றாள். அதோடு சரி. மெர்வின் அன்று இரவு தன் மூளையை மெச்சித் தனக்குத் தானே ஒரு பியர் வாங்கிக் கொடுத்துக்கொண்டான்.

ஜூலை வந்தது. அந்த நாட்டில் அது குளிர்காலம்; வளைகுடாக் கரையில் மட்டும் அப்போதும் வெயில்தான். பையில் அரைக்கால் சட்டை ஆறு, கையில்லாத பனியன் ஆறு. கிளெனிஸே மடித்து வைத்தாள். வாசலில் நின்று, "பத்திரமாப் போயிட்டு வா. பெரிய மீனாப் பிடி" என்றாள். இவ்வளவு நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று அவனுக்கு மனசு உறுத்தியது. முதல் வளைவு திரும்பியதும் சரியாகிவிட்டது.

மலையடிவாரக் கடையில் நின்று சாஸேஜ் ரோல் இரண்டு தின்று, அங்கிருந்தவர்களுக்கெல்லாம் பானட்டைத் திறந்து காட்டினான். முக்கால் மணி நேரம் போயிற்று. பிறகு ஏறினான்.

என்ன ஏற்றம்! வண்டி விசிலடித்துக்கொண்டு மலையைத் தின்றது. மரலாரி ஒன்றை முந்தினான். பால்லாரி ஒன்றை முந்தினான். கேசோவரி எதுவும் கண்ணில் படாதது ஒன்றுதான் குறை. அப்போது முன்னால் தெரிந்தது டீனோவின் வெள்ளை வண்டி. ஒரு கேரவனை இழுத்துக்கொண்டு ஆமையாய் ஊர்ந்தது.

'டீனோவுக்கு ஏது கேரவன்?' என்று மூளை கேட்டது. கால் அதற்குள் மிதித்துவிட்டது. முந்துவதற்கென்று அகலப்படுத்திய இடம் அது. பக்கவாட்டில் கேரவன் மெல்லப் பின்வாங்கியது. ஜன்னலில் நீலப்பூப் போட்ட திரைச்சீலை. 'எங்கேயோ பார்த்த பூ' என்றது மூளை. கால் கேட்கவில்லை. டீனோவுக்கு நேராக வந்ததும் மெர்வின் முப்பத்தெட்டு வருஷ ஆசையையும் சேர்த்து, ஆள்காட்டி விரலைத் தூக்கினான்.

டீனோவுக்குப் பக்கத்துச் சீட்டிலிருந்து பதிலுக்கு ஒரு விரல் எழுந்தது. அது கிளெனிஸ்.

மலையுச்சியில், காட்சி பார்க்க வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், மெர்வின் வண்டியை ஓரம் கட்டினான். பின்னாலேயே டீனோ வந்து நிறுத்தினான். கிளெனிஸ் கைப்பையோடு இறங்கி வந்தாள்.

"நல்லா முந்துனே கண்ணு. மூச்சு வந்திருச்சு போலிருக்கே?"

"கிளெனிஸ்... ரப்பர்..."

"பெரிய காத்து. தெரியும்."

மெர்வின் டீனோ பக்கம் திரும்பினான். "துரோகி! உனக்குப் பியர் குடுத்தேனேடா!"

டீனோ குனிந்து படகின் கொக்கியைத் தட்டிப் பார்த்தான். கிளெனிஸ்தான் பேசினாள். "ஒரு பெட்டி பியருக்கு டர்போ எந்த ஊர்ல கிடைக்கும்னு ஒரு தடவையாவது யோசிச்சியா மெர்வின்? மூணு வருஷமா சந்தையில நான் வித்த எலுமிச்சை ஜாம் காசு அத்தனையும் அந்தப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. பியர் மட்டும் டீனோ குடிச்சான்."

"குளிர்ச்சியாத்தான் இருந்துச்சு" என்றான் டீனோ, நியாயம் தவறக் கூடாது என்று.

"நீயே வாங்கிக் குடுத்திருக்கலாமே! மாட்டச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா ஆறு வருஷம் ஆகும். சொல்லாததால மூணு வாரத்துல முடிஞ்சுது."

"கேரவனை டீனோவே இழுத்துட்டு வந்துட்டானே! அப்புறம் டர்போ எதுக்கு?"

"கேரவனை யார் வேணா இழுக்கலாம். உன்னை இழுத்துட்டு வரத்தான் டர்போ வேண்டியிருந்துச்சு."

இதற்குள் டீனோ கேரவனைக் கழற்றிவிட்டு, மெர்வின் வண்டியிலிருந்த படகைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தான். மெர்வின் ஓடினான். "அது என் படகு!"

"பதினஞ்சு நாளைக்கு அவன் படகு" என்றாள் கிளெனிஸ். "கேரவனை ஏத்திவிட்ட கூலி. கரும்பாவுல உன் கூட்டாளிங்களுக்கும் சொல்லியாச்சு. அவங்க ஒண்ணும் சொல்லலை. அவங்கதான் எதுவுமே சொல்ல மாட்டாங்களே."

டீனோ கிளம்பினான். ஒரு விரலை மட்டும் அரை அங்குலம் தூக்கினான்.

மெர்வின் கேரவனை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பெரில் வாசலிலேயே நின்றாள். இரண்டு கையிலும் பட்டியல். ஆறு வருஷத்தில் அது இரண்டு தாள் ஆகியிருந்தது. மதியத்துக்குள் மெர்வின் அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனுமாகக் கூரை மேல் இருந்தான். பனிமூட்டம் கூரை வரைக்கும் இறங்கி வந்து அவன் முதுகில் உட்கார்ந்தது. ஆணியை வாயில் வைத்தால் பல் தந்தியடித்தது. கீழே அக்காளும் தங்கையும் போர்வையைச் சுற்றிக்கொண்டு சூடாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கிளெனிஸ்!" என்று கத்தினான். "ஆறு டிகிரி குளிருது! என் கம்பளிச் சட்டையை எங்கே வெச்சே?"

கிளெனிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து நிறுத்தியிருந்த வண்டி வரைக்கும் நடந்து போனாள். தூணிலிருந்த மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன் கண்ணு. மலையேறுறப்ப இது நானூறுக்கு மேல காட்டியிருக்குமே, உனக்குப் புழுங்கும்னு நினைச்சேன்."